மதிப்பீட்டாளரை யார் தேர்ந்தெடுப்பது?

வாசகர் கேள்வி – பதில்

தொண்டு நிறுவனங்களின் மூத்த நிர்வாகிகளை வெளியாரைக் கொண்டு மதிப்பிடுவது குறித்து அண்மையில் வந்த கடிதங்களில் ஆறினை இம்முறை எடுத்துக்கொள்கிறேன். எழுதியவர்களின் வேலைக்கோ உறவுக்கோ பங்கம் வந்துவிடக் கூடாது என்பதால் பெயர்களையும் ஊர்களையும் நீக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் பொதுத்துறை வங்கியில் கிளை மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். 22 ஆண்டுகளாக இயங்கிவரும் அறக்கட்டளை ஒன்றில் சென்ற ஆண்டு அறங்காவலராகச் சேர்ந்தேன். எங்களுக்கு நிதியளிக்கும் அமைப்பு, அடுத்த ஒப்பந்தத்துக்கு முன்பு இயக்குநர் உள்ளிட்ட மூத்த நிர்வாகிகள் நால்வரும் சுயேச்சையாக மதிப்பிடப்பட வேண்டும் என்கிறது. உடனே இயக்குநரே மூன்று ஆலோசகர்களின் பெயர்களைக் கொடுத்துவிட்டார். மூவருமே முன்பு எங்கள் திட்டங்களில் வேலை செய்து கட்டணம் பெற்றவர்கள். தெரிந்தவர் வந்தால்தான் நம் சூழல் புரியும் என்று சக அறங்காவலர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் அறங்காவலர், தென் மாவட்டம்

பதில்: நீங்கள் மேலாளராக இருந்த கிளைக்கு இன்ஸ்பெக்‌ஷனுக்கு வரும் அதிகாரியை நீங்களா தேர்ந்தெடுத்தீர்கள்? அந்த அதிகாரியின் அறிக்கை முதலில் உங்கள் மேசைக்கு வந்து, நீங்கள் திருத்திக் கொடுத்த பிறகா மண்டல அலுவலகத்துக்குப் போனது? நாற்பது ஆண்டுப் பணியில் உங்களுக்கு இயல்பாகிவிட்ட இந்த ஒழுங்கைத்தான் அறக்கட்டளைக்கும் கொண்டுவரப் போகிறீர்கள். சக அறங்காவலர்களிடம் இதையே முதலில் சொல்லுங்கள். நிர்வாகவியல் பேசுவதைவிட இது விரைவில் புரியும்.

சுயேச்சை என்பது வெளியூரிலிருந்து ஆள் வருவதால் வந்துவிடுவதில்லை. அவரை நியமிப்பது யார், என்ன பார்க்க வேண்டும் என்று எழுதிக்கொடுப்பது யார், கட்டணக் காசோலையில் கையெழுத்திடுவது யார், அறிக்கையை முதலில் படிப்பது யார் என்னும் நான்கு கேள்விகளுக்கும் விடை அறங்காவலர் குழு என்றிருந்தால் உள்ளூர்க்காரரும் சுயேச்சையாளரே. ஒன்றுக்காவது விடை இயக்குநர் என்றிருந்தால் டெல்லியிலிருந்து வந்தவரும் அவருடைய ஆலோசகரே. எனவே சம்பளமோ கட்டணமோ பெறாத, இயக்குநருக்கு உறவில்லாத அறங்காவலர்கள் இரண்டு அல்லது மூன்று பேரைக் கொண்ட ஒரு துணைக்குழுவை முதலில் அமைத்து, அதைத் தீர்மானப் புத்தகத்தில் பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்மானம் நிறைவேறும்போது இயக்குநர் அறையில் இருக்க வேண்டியதில்லை. நம் அறக்கட்டளைகள் பலவற்றில் இயக்குநரே நிர்வாக அறங்காவலராகவும் இருப்பார், அவருடைய துணைவர் இன்னோர் அறங்காவலராக இருப்பார். அப்படியிருந்தால் துணைக்குழுவில் சேர்க்க ஆளே மிஞ்சாது. அந்த நிலையில் மதிப்பீட்டை ஒத்திவைத்துவிட்டு, வெளியிலிருந்து இரண்டு அறங்காவலர்களைச் சேர்ப்பதே முதல் வேலை.

இயக்குநர் கொடுத்த பட்டியலைத் தூக்கி எறிய வேண்டாம். துணைக்குழு தன் பங்குக்கு நாலைந்து பெயர்களைத் திரட்டி, கடந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் நிறுவனத்திடமோ அதன் மூத்த நிர்வாகிகளிடமோ பணம் பெற்றதுண்டா, வேலை எதிர்பார்ப்பதுண்டா என்று எல்லோரிடமும் எழுத்துமூலம் கேட்கட்டும். அந்தக் கேள்வியிலேயே பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். சூழல் புரிந்தவர் வேண்டும் என்னும் வாதத்தில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் உங்கள் துறையை அறிந்தவர் வேறு, உங்கள் இயக்குநரை அறிந்தவர் வேறு.

நிதியளிப்பவர் விஷயத்திலும் இதே கண்டிப்பு வேண்டும். அவர்கள் தங்கள் ஆளை அனுப்பினால் அது நிதியளிப்பவரின் ஆய்வு. அதில் தவறில்லை, ஆனால் அதைச் சுயேச்சை மதிப்பீடு என்று அழைக்க இயலாது. அறிக்கை அறங்காவலர் குழுவின் பெயருக்கே வர வேண்டும், நிதியளிப்பவருக்கு எந்த அளவிலான சுருக்கம் போகும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

நான் பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மதிப்பீட்டுக் குழுவில் இருந்தேன். ரயில் நிலையத்துக்கு நிறுவனத்தின் ஜீப் வந்திருந்தது. ஓட்டுநர் வழியெல்லாம் இயக்குநரின் பெருமையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பணியாளர்களைச் சந்திக்க இயக்குநரின் அறையையே ஒதுக்கியிருந்தார்கள்; அவருடைய நாற்காலியில் பூத்துவாலை போர்த்தியிருந்தது, எதிரே அமர்ந்த களப்பணியாளர் பேசும்போதெல்லாம் அந்தத் துவாலையைத்தான் பார்த்தார். மதியச் சாப்பாடு இயக்குநர் வீட்டில். அவருடைய தாயார் இன்னும் ஒரு கரண்டி பாயசம் ஊற்றிய பிறகு, மாலையில் அவருடைய பயணச் செலவுக் கோப்பைக் கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. எங்கள் அறிக்கை மென்மையாக வந்தது. அதற்குக் காரணம் பாயசம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆகவே மதிப்பீட்டாளர் தங்குமிடம், வாகனம், உணவு அனைத்தும் துணைக்குழுவின் பொறுப்பில் இருக்கட்டும். நேர்காணல்கள் அலுவலகத்துக்கு வெளியே நடக்கட்டும்.

எதை மதிப்பிடுவது என்பதில்தான் பெரும்பாலும் தடுமாற்றம். எத்தனை சுயஉதவிக் குழுக்கள், எத்தனை குழந்தைகள் பள்ளிக்குத் திரும்பினர் என்பவை திட்ட மதிப்பீட்டுக்கு உரியவை. அவற்றை நிதியளிப்பவர்கள் ஏற்கெனவே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். தலைமை மதிப்பீடு பார்க்க வேண்டியவை வேறு: முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன, எந்தத் தொகைவரை யார் கையெழுத்திடலாம் என்று எழுதப்பட்டிருக்கிறதா, மூன்று ஆண்டுகளில் எத்தனை பேர் வேலையை விட்டுப் போனார்கள், போனவர்கள் என்ன சொன்னார்கள், பணியாளர் புகார் வந்தால் அது எங்கே போய் நிற்கிறது, அறங்காவலர்களுக்குக் கெட்ட செய்தி சொல்லப்படுகிறதா, இயக்குநர் நாளைக்கே ஆறு மாதம் படுத்துவிட்டால் அலுவலகம் நடக்குமா. இயக்குநருக்கு எழுத்தில் பணிவிவரம் உண்டா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் எதனோடு ஒப்பிட்டு அவரை மதிப்பிடுவது? அதை எழுதிக் கொடுக்காதது அவருடைய குறையன்று, உங்கள் குழுவின் குறை. அறிக்கையில் அதுவும் இடம்பெறட்டும்.

கடைசியாக, மதிப்பிடப்படும் நால்வருக்கும் வரைவு அறிக்கையில் தங்களைப் பற்றிய பகுதியைப் படித்து, தகவல் பிழைகளைச் சுட்டவும் விளக்கம் எழுதவும் பத்து நாளாவது அவகாசம் கொடுங்கள். அவர்களின் விளக்கம் அறிக்கையோடு பின்னிணைப்பாகச் சேரட்டும். நேர்காணல் குறிப்புகள் மட்டும் அவர்கள் கைக்குப் போகவே கூடாது.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மொத்தம் 14 பேர். ரகசியம் காக்கப்படும் என்று சொல்லி ஒரு கேள்வித்தாள் கொடுத்திருக்கிறார்கள். உள்ளதை எழுதினால் யார் எழுதியது என்று தெரியாதா?
— ஒரு களப்பணியாளர்

பதில்: தெரிய வாய்ப்பு உண்டு; அதை மறைத்து உங்களுக்குத் தைரியம் சொல்ல மாட்டேன். 14 பேர் உள்ள இடத்தில் பெயர் எழுதாதிருப்பது மட்டும் பாதுகாப்பாகாது. பயணப்படி பில் பாஸாக மாதக் கடைசிவரை வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது என்று அறிக்கையில் ஒரு வரி மேற்கோளாக வந்தால், பயணப்படி வாங்குவோர் இருவரே என்னும்போது அடுத்த நாளே விசாரணை தொடங்கிவிடும். பேச்சு வழக்கே காட்டிக்கொடுக்கும்: அலுவலகத்தில் ஒரே ஒருவர்தான் நாகர்கோவில்காரர் என்றால், அவருடைய சொற்களை அப்படியே அச்சிடுவது பெயரை அச்சிடுவதற்குச் சமம்.

எனவே எழுதும் முன்பு மதிப்பீட்டாளரிடம் நேரடியாகக் கேளுங்கள். நிரப்பிய தாள் அலுவலக மேலாளர் வழியாகப் போகிறதா, நேரே அவரிடம் போகிறதா? அலுவலகக் கணினியில், அலுவலக மின்னஞ்சலில் நிரப்பச் சொல்கிறார்களா? பதில்களைப் பிரிவுவாரியாகப் பிரித்துக் காட்டுவார்களா? ஐந்து பேருக்குக் குறைவான எந்தப் பிரிவுக்கும் தனி எண்ணிக்கை காட்டக் கூடாது என்பது இத்துறையில் பலரும் கடைப்பிடிக்கும் வழக்கம். மேற்கோள்களைத் தவிர்த்து, மூன்று பேராவது தனித்தனியே சொன்ன செய்தியை மட்டும் மதிப்பீட்டாளர் தம் சொற்களில் எழுத வேண்டும் என்பது என் கருத்து. நாடு முழுவதும் கிளைகள் உள்ள நிறுவனத்துக்குச் செய்த கேள்வித்தாளை 14 பேர் அலுவலகத்தில் கொடுப்பவர் வேலை தெரியாதவர். சிறிய இடத்தில் நேர்காணலே ஏற்றது.

ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் சொல்ல நினைப்பது பாலியல் தொல்லை பற்றியதானால், அதை மதிப்பீட்டுத் தாளில் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர் உள்ள உங்கள் அலுவலகத்தில் இத்தகைய புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். புகார் வேலை அளிப்பவர் மீதே என்றால் அது மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதால், மதிப்பீடு முடியட்டும் என்று நாள் கடத்துவது உங்களுக்கே பாதகம்.

கேள்வி: பிறரிடம் கணக்குக் கேட்கும் அமைப்புகள் தங்கள் தலைமையைப் பற்றிய அறிக்கையைத் தாங்களே வெளியிட்டதுண்டா?
— சமூகப் பணி மாணவி, சென்னை

பதில்: உண்டு. லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி இன்டர்நேஷனலின் கதையை உங்கள் வகுப்பில் அவசியம் விவாதியுங்கள். 2018 மே மாதம் அதன் பாரிஸ் அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த ஆய்வாளர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த சில வாரங்களில் ஜெனீவா அலுவலகத்தில் பயிற்சிப் பணியில் இருந்த இளம்பெண் ஒருவரும். முதலாமவரின் மரணத்தை விசாரிக்க வெளியிலிருந்து மூத்த வழக்கறிஞர் ஒருவரும், பணியாளர் நலனை ஆராய கோன்டெரா குழுமம் என்னும் நிறுவனமும் அமர்த்தப்பட்டனர். கோன்டெராவின் அறிக்கையை 2019 தொடக்கத்தில் அம்னஸ்டி பொதுவில் வெளியிட்டது. சர்வதேசச் செயலகப் பணியாளரில் ஏறத்தாழ 70 சதவீதம், அதாவது 475 பேர் கேள்வித்தாளுக்குப் பதில் எழுதியிருந்தனர். அங்கே வேலை செய்ததால் மன அல்லது உடல்நலக் குறைவு ஏற்பட்டது என்று 39 சதவீதத்தினர் கூறினர். பணிச்சூழல் நச்சுத்தன்மை கொண்டது என்ற சொல் அறிக்கையிலேயே இருந்தது.

இதில் என் கவனத்தைப் பிடிப்பது, அந்த ஆய்வு மூத்த நிர்வாகிகளை மதிப்பிட அமர்த்தப்பட்டதே அன்று என்பதுதான். பணியாளரின் மன அழுத்தத்தை ஆராயப் போனவர்கள், அதற்குக் காரணம் போர்க்களக் கொடுமைகளைப் படிக்கும் வேலை என்றே முடித்திருக்கலாம். அப்படித்தான் பலரும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் பணியாளர் சொன்னதைத் தொடர்ந்து சென்றபோது, பயங்கரமான செய்திகளைவிட மேலாளர்கள் நடத்தும் விதம் மிகுதியாகக் காயப்படுத்தியது என்பது தெரிந்து, ஆய்வு மூத்த தலைமைக் குழுவின் வாசலில் போய் நின்றது. அக்குழுவில் இருந்த எழுவரும் தவறுகளுக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலக முன்வந்தனர். அவர்களில் ஐவர் விலகப்போவது 2019 மே மாதச் செய்தியானது. பொதுச்செயலாளரோ 2018 ஆகஸ்டில்தான் பொறுப்புக்கு வந்தவர். அறிக்கையை வாங்கியவர் அதில் குறைகூறப்பட்ட காலத்துக்குச் சொந்தக்காரர் அல்லர் என்பது அதை வெளியிடுவதை எளிதாக்கியிருக்கும் என்று நான் கருதுகிறேன்.

உலக வனவிலங்கு நிதியத்தின் நிலை வேறு. அது ஆதரித்த வனக்காவலர்கள் உள்ளூர் மக்களைத் துன்புறுத்தினார்கள் என்று 2019-இல் ஊடகச் செய்திகள் வந்ததும், ஒரு சுயேச்சைக் குழுவை அமர்த்தியது. டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 2008 முதல் 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த நவி பிள்ளைதான் அதன் தலைவர். அறிக்கை 2020 நவம்பரில் வெளியானது. நிதியத்தின் பணியாளர்கள் அந்த அத்துமீறல்களில் பங்கெடுத்ததற்குச் சான்றில்லை, ஆனால் குற்றச்சாட்டுகள் தெரிந்திருந்தும் பல இடங்களில் நிறுவனம் போதிய அளவு செயல்படவில்லை என்றது அக்குழு. நிறுவனம் தவறியது என்று அதைப் படித்தால் தெரிகிறது. அறிந்திருந்த மூத்த அதிகாரி யார், எந்தத் தேதியில் என்ன செய்யாமல் விட்டார் என்று தேடுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். நவி பிள்ளையின் தகுதியிலோ நேர்மையிலோ எவரும் குறை சொல்ல முடியாது. தனிநபர் பொறுப்பை விசாரி என்று பணிவரையறை வெளிப்படையாகச் சொல்லாதவரை, எவ்வளவு பெரிய நீதிபதி வந்தாலும் அறிக்கை நிறுவனம் என்னும் முகமில்லாத எழுவாயிலேயே முடியும். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள்.

கேள்வி: ஒரு மேசையும் ஒரு மிதிவண்டியுமாக நான் தொடங்கிய நிறுவனம் இது. பணியாளர்கள் என்னை அக்கா என்றுதான் அழைக்கிறார்கள். இன்று என்னை மதிப்பிட வெளியாரை அமர்த்துகிறார்கள். இது நம்பிக்கையின்மை இல்லாமல் வேறென்ன?
— ஓர் இயக்குநர்

பதில்: அக்கா என்று அழைப்பவர்களால்தான் உங்களிடம் உண்மை சொல்ல முடிவதில்லை. மேலாளரைக் குறை சொல்லலாம், வீட்டுப் பெரியவரைக் குறை சொன்னால் நன்றிகெட்டவர் என்ற பெயர் வரும். உங்கள் மனவருத்தம் புரிகிறது. ஆனால் மதிப்பீடு உங்களுக்கு எதிரானதாகத்தான் முடியும் என்று ஏன் எண்ணுகிறீர்கள்?

லண்டனில் 1996-இல் ஒரு பெண்மணி தொடங்கி வளர்த்த கிட்ஸ் கம்பெனி என்னும் குழந்தைகள் அமைப்பு 2015 ஆகஸ்டில் மூடப்பட்டது. மறு ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்று அறங்காவலர்களைக் கடுமையாகச் சாடியது. நிறுவனரின் பெயர் செய்தித்தாள்களில் அடிபட்டது. ஆனால் நிறுவனரையும் அறங்காவலர்களையும் நிறுவனப் பொறுப்புகளுக்குத் தகுதியற்றவர்களாக அறிவிக்கக் கோரிய வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஐந்தரை ஆண்டு இழிசொல்லுக்குப் பிறகு வந்த தீர்ப்பு. நிறுவனம் நடந்துகொண்டிருந்தபோதே, அறங்காவலர்கள் அமர்த்திய ஒருவர் உள்ளே வந்து நிறைகுறை இரண்டையும் எழுதிவைத்திருந்தால், அந்த நிறுவனருக்குக் கையில் ஓர் ஆவணமாவது இருந்திருக்கும். உங்களைப் பற்றி எழுத்தில் எதுவும் இல்லாதபோது வதந்திதான் உங்கள் பணிப்பதிவேடு.

மதிப்பீடு நடக்கும் இரண்டு வாரமும் விடுப்பில் போய்விடுங்கள் என்று சொல்வேன். உங்கள் நேர்காணலுக்கு மட்டும் வாருங்கள். அந்த நாட்களில் பணியாளர் யாருக்கும் போன் செய்யாதிருப்பது கடினம்தான்.

கேள்வி: எங்கள் ஆண்டு வரவே சில லட்சங்கள். இதற்கெல்லாம் பணம் எங்கே?
— ஒரு செயலாளர், வட மாவட்டம்

பதில்: உங்களுக்கு ஆலோசனை நிறுவனம் தேவையில்லை. பக்கத்து மாவட்டத்தில் உங்களோடு நிதிக்குப் போட்டியிடாத ஒரு நிறுவனத்தின் மூத்தவரையும், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் அல்லது தொழிலாளர் துறை அலுவலர் ஒருவரையும் பயணச் செலவு மட்டும் கொடுத்து மூன்று நாள் அழைத்தால் போதும். அடுத்த ஆண்டே நீங்கள் அவர்களுக்குச் செய்வதாக ஒப்பந்தம் மட்டும் வேண்டாம். பதிலுக்குப் பதில் பாராட்டாகிவிடும். வெளிநாட்டு நிதி பெறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆகிவிட்டது, தொழில்முறைக் கட்டணங்கள் அதற்குள்தான் அடங்கும். ஆடிட்டரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். ஆடிட்டரையே மதிப்பீட்டாளராக்கும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அவருக்குக் கணக்குத் தெரியும், அவருக்குக் கட்டணம் கொடுப்பவரையும் தெரியும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் மதிப்பீடு நடந்தது. அறிக்கை வந்து எட்டு மாதம் ஆகிறது; நிர்வாகக் குழு அதைப் பொதுக்குழுவில் வைக்க மறுக்கிறது. உறுப்பினர்களாகிய நாங்கள் என்ன செய்யலாம்?
— ஓர் உறுப்பினர்

பதில்: மூத்த நிர்வாகிகளை மதிப்பிட வேண்டும் என்றோ, அறிக்கையை வெளியிட வேண்டும் என்றோ 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. முழு அறிக்கையைக் கேட்காதீர்கள். தனிநபர் தகவல் இருக்கிறது என்று மறுக்க அவர்களுக்கு நியாயமான காரணம் கிடைத்துவிடும். பரிந்துரைகள் யாவை, ஒவ்வொன்றிலும் குழு எடுத்த முடிவு என்ன, எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்னும் ஒரு பக்க அட்டவணையை அடுத்த பொதுக்குழுவில் வைக்கக் கோரி, அதை நிகழ்ச்சிநிரலில் சேர்க்குமாறு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால், சங்கத்தின் செயல்பாட்டையும் நிதிநிலையையும் விசாரிக்குமாறு பதிவாளரிடம் விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடமுண்டு. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் அதில் கையெழுத்திட வேண்டும். கையெழுத்துத் திரட்டும் முன்பு உறுப்பினர் பதிவேட்டைப் பார்த்து, சந்தா பாக்கி வைத்திருப்போர் யார் யார் என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அதைத்தான்.